லக்சமானா ஆவது எப்படி? கடற்படை அதிகாரியின் ஏணி, அடிப்படியிலிருந்து

கோலாலம்பூர் ஹங் துவா ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பழைய பள்ளி இருக்கிறது, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன். அது நிற்கும் சாலையின் பெயரும் ஜாலான் ஹங் துவாதான். முன்பு அது ஷா ரோடு. மலாக்கா சுல்தானிடம் லக்சமானாவாக, அதாவது கடற்படைத் தளபதியாக இருந்தவர் என்று மலாய் மரபு சொல்லும் வீரர் ஹங் துவா. 'லக்சமானா' என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள், நமக்குப் பழக்கமான ஆள் தென்படுவார்: ராமனின் தம்பி இலட்சுமணன். அவர் பெயர்தான் மலாயில் பதவிப் பெயராகி, இன்றும் மலேசியக் கடற்படையின் உச்சப் பதவிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்த கே. தனபாலசிங்கம் 1967 டிசம்பரில் அரச மலேசியக் கடற்படையின் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 31. அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லாரும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகள். மலேசியர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல்முறை. இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர், 1976 இறுதியில், 40 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார்.

31 வயதில் கடற்படைத் தலைவர் என்பது இன்று நடக்காது. இன்றைய ஏணியில் அந்த வயதுக்காரர் லெப்டெனனாக இருப்பார், அல்லது அதற்கு அடுத்த படிக்கு ஏறியிருப்பார். அன்று நாடு புதிது, கப்பல்கள் சில, பயிற்சி பெற்ற உள்ளூர் அதிகாரிகள் இன்னும் குறைவு. தலைமைத் தளமே சிங்கப்பூரின் ஊட்லண்ட்ஸில், 1965-க்குப் பிறகு வேறொரு நாட்டு மண்ணில் இருந்தது. இன்று பாதை நீளம், படிகள் தெளிவு, ஒவ்வொரு படியிலும் ஒரு வடிகட்டி. அந்த வடிகட்டிகள் எங்கெங்கே, எதை வடிகட்டுகின்றன என்று பார்ப்போம்.

பதவி நிலை வேறு, பொறுப்பு வேறு

முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது. 'பங்காட்' என்பது தோளிலும் கையிலும் தெரியும் பதவி நிலை. 'ஜாவாத்தான்' என்பது அவர் பார்க்கும் வேலை. கொமாண்டர் என்ற ஒரே பதவி நிலையில் ஒருவர் கப்பலை நடத்திக்கொண்டிருப்பார், இன்னொருவர் அமைச்சில் உதிரிபாகக் கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளப் படி ஒன்றாக இருக்கலாம். ஆனால் அடுத்த தேர்வுக் குழு கூடும்போது இருவரின் கோப்பும் ஒரே எடையில் நிற்காது.

கீழிருந்து மேலே இப்படிப் போகும்: லெப்டெனன் மூடா, லெப்டெனன் மாட்யா, லெப்டெனன், லெப்டெனன் கொமாண்டர், கொமாண்டர், கேப்டன். இதற்கு மேல்தான் நட்சத்திரங்கள்: லக்சமானா பெர்த்தாமாவுக்கு 1, லக்சமானா மூடாவுக்கு 2, லக்சமானா மாட்யாவுக்கு 3, லக்சமானாவுக்கு 4. கடற்படைத் தலைவரான பங்லிமா தெந்தெரா லாவுட், 4 நட்சத்திர லக்சமானா. தனபாலசிங்கம் ஓய்வு பெற்ற ரியர் அட்மிரல் நிலை இன்றைய கணக்கில் லக்சமானா மூடா, 2 நட்சத்திரம். கடற்படை வளர வளரத் தலைவர் பதவியின் நட்சத்திரமும் ஏறியிருக்கிறது.

'கேப்டன்' என்ற சொல்லில் நம்மவர்கள் அடிக்கடி வழுக்குவார்கள். தரைப்படைக் கேப்டன் இளம் அதிகாரி, அவருக்குச் சமமானவர் கடற்படை லெப்டெனன். கடற்படைக் கேப்டனோ தரைப்படையின் கர்னலுக்குச் சமம். அடுத்த படியே நட்சத்திரம். போதாதென்று, எந்தக் கப்பலை நடத்துபவரையும், அவர் லெப்டெனன் கொமாண்டராகவே இருந்தாலும், பேச்சு வழக்கில் கேப்டன் என்றுதான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் 'தம்பி நேவியில கேப்டன்' என்று யாராவது சொன்னால், கைப்பட்டியில் எத்தனை தங்கக் கோடு என்று பாருங்கள்: லெப்டெனனுக்கு 2, லெப்டெனன் கொமாண்டருக்கு இரண்டரை, கொமாண்டருக்கு 3, கேப்டனுக்கு 4.

இன்னொரு சின்ன விஷயம். எல்லாப் போர்க்கப்பலின் பெயருக்கு முன்னும் 'கேடி' இருக்கும். தமிழ்க் காதுக்குப் போலீஸ் பட்டியல் ஞாபகம் வரும்; இங்கே அது 'காப்பால் டிராஜா', அரச கப்பல்.

உள்ளே நுழையும் வாசல்

எஸ்பிஎம் (படிவம் 5 இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் இதுதான். ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் இரண்டு வகை. 'பெராஜூரிட் மூடா' என்றால் படைவீரர் சேர்ப்பு. பயிற்சி ஜொகூரின் தஞ்சோங் பெங்கெலியில் உள்ள கேடி சுல்தான் இஸ்மாயில் என்ற பயிற்சித் தளத்தில். 'பெகாவாய் காடெட்' என்றால் அதிகாரிப் பயிற்சி. முதல் வகையில் சேர்ந்தால் நல்ல வேலை கிடைக்கும், தொழில்நுட்பத் திறமையும் கிடைக்கும். ஆனால் லக்சமானா ஏணி இரண்டாவது வாசலில்தான் தொடங்குகிறது. முதல் வாசலில் நுழைந்தவர் பிறகு தேர்வாகி அதிகாரி ஆகவும் வழி உண்டு. ஆனால் அதற்குள் வயது ஏறிவிடுவதால், ஏணியின் மேல் படிகளுக்கு ஆண்டுகள் போதாமல் போகும்.

அதிகாரி வாசலுக்குள் பெரிய பாதைகள் இரண்டு. ஒன்று, எஸ்பிஎம்முக்குப் பிறகு கோலாலம்பூர் சுங்கை பெசி முகாமில் உள்ள தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் அடிப்படைக் கல்வியும் பட்டப்படிப்பும். 2006-இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட இடம் அது. பகலில் விரிவுரை, விடியற்காலையிலும் மாலையிலும் பயிற்சி. இன்னொன்று, வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டு, கூடிய சீக்கிரம் முடியும் பட்டதாரி காடெட் பயிற்சியில் சேர்வது. முதல் பாதையில் வருபவருக்கு இளம் வயதிலேயே கணக்கு ஓடத் தொடங்கும். இந்தத் தொழிலில் அது பெரிய ஆதாயம்.

இரண்டிலும் பெரும்பாலோர் நினைத்துக்கூடப் பார்க்காத வடிகட்டி கண். மூக்குக்கண்ணாடியைச் சொல்லவில்லை, நிறம் பிரித்தறியும் திறனைச் சொல்கிறோம். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை மருத்துவர் காட்டுவார். சிவப்பையும் பச்சையையும் பிரிக்க முடியாதவர், கப்பல் ஓட்டும் பிரிவுக்குள் போக முடியாது. காரணம் இரவுக் கடல். ஒவ்வொரு கப்பலும் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் போட்டிருக்கும். இரண்டுமே நேர் முன்புறத்திலிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை மட்டும் தெரியும். பின்புற வெள்ளை விளக்கு மீதி 135 பாகைக்கு. மூன்றையும் கூட்டினால் 360. ஆகவே, தெரியும் விளக்கின் நிறத்தை வைத்து எதிரே வருபவர் எந்தப் பக்கத்தை நமக்குக் காட்டுகிறார், எந்தத் திசையில் போகிறார் என்று சொல்லிவிடலாம். நம் வலப்பக்கத்தில், குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நாம். அந்தச் சிவப்பைப் பச்சை என்று எடுத்துக்கொண்டால், அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கப்பலும் ஒரே புள்ளியில்.

நிறக்குறை உள்ள பையனுக்குக் கதவு முழுக்க அடைபட்டுவிடவில்லை. தளவாடப் பிரிவு போன்ற இடங்களில் தேவை வேறு. பெரும்பாலான வீடுகளில் இந்தக் குறை இருப்பதே மருத்துவச் சோதனை நாளில்தான் தெரியவருகிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஏதாவது ஒரு கண்ணாடிக் கடையில் சோதித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

விண்ணப்பத்தில் கேட்கும் 'பிரிவு' என்ற கட்டத்தையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பலை ஓட்டிப் போரிடும் நிர்வாகப் பிரிவு, பொறியியல், தளவாடம் என்று மூன்று பெரிய கிளைகள். பொறியியலாளர் நட்சத்திர நிலை வரை உயரலாம், உயர்ந்தும் இருக்கிறார்கள். ஆனால் போர்க்கப்பலின் தளபதி நாற்காலி நிர்வாகப் பிரிவுக்கு. கடற்படைத் தலைவர் நாற்காலிக்கு வழியும் அந்த நாற்காலி வழியாகத்தான். 18 வயதில் ஒரு கட்டத்தில் போடும் டிக், 50 வயதில் எங்கே நிற்பீர்கள் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. இதைப் பள்ளி ஆலோசகர்கள் சொல்லித் தருவதில்லை.

முதல் பெரிய வடிகட்டி: வாட்ச்

பட்டமும் பேரரசரின் நியமனப் பத்திரமும் கையில் வந்துவிட்டால் அதிகாரிதான். ஆனாலும் கப்பலில் அவர் இன்னும் மாணவர். லுமுட் கடற்படைத் தளத்தில் வகுப்பும் பயிற்சியும், பிறகு ஒரு கப்பலில் பயிற்சி அதிகாரி. இலக்கு ஒன்றுதான்: தளபதி தூங்கும்போது கப்பலைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற சான்றிதழ். வாட்ச் அதிகாரி என்று அழைக்கப்படுபவர் அவரே.

கடலில் ஒரு நாள் 7 வாட்ச்சாக, அதாவது காவல் முறையாகப் பிரியும். இரவு 8 முதல் 12, 12 முதல் 4, 4 முதல் 8, காலை 8 முதல் 12, 12 முதல் மாலை 4. மாலை 4 முதல் 8 வரையிலான நேரத்தை மட்டும் இரண்டாக உடைத்து 4 முதல் 6, 6 முதல் 8 என்று வைத்திருக்கிறார்கள். ஏன் இந்த உடைப்பு? உடைக்காவிட்டால் நாளுக்கு 6 வாட்ச். இரண்டு குழுவோ மூன்று குழுவோ மாறி மாறி நின்றால், 6 மிச்சமில்லாமல் வகுபடும். அப்புறம் நள்ளிரவு 12 முதல் 4 என்ற பாழாய்ப்போன நேரம் ஒரே குழுவின் தலையில் நிரந்தரமாக விழும். 7 என்று வைத்தால் தினமும் ஒரு படி தள்ளிப்போகும். எல்லாருக்கும் அந்தக் கஷ்டம் பங்காகும். இரண்டு மணி நேர வாட்ச்சுகளின் இடையே சாப்பாடும் முடிந்துவிடும். பழைய ஏற்பாடுதான், இன்றும் மாற்றத் தேவைப்படவில்லை.

அந்த நான்கு மணி நேரத்தில் இளம் அதிகாரி என்ன செய்கிறார்? மலாக்கா நீரிணையை எடுத்துக்கொள்வோம். கரையோரம் போகும்போது கப்பல் எங்கே இருக்கிறது என்று 6 நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தில் குறிப்பது பழைய வழக்கம். 6 நிமிடம் என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. 15 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 15 கடல் மைலில் போனால் 6 நிமிடத்தில் 1.5 கடல் மைல் என்று மனக்கணக்கிலேயே வந்துவிடும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆக ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர், ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பெர்ரி கடக்கும் தூரத்துக்குப் பக்கத்தில். ஒரு முறை குறிக்கத் தவறினால், அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு போன மாதிரி.

மற்றக் கப்பல்களைக் கவனிப்பதில் ஒரு பொன் விதி இருக்கிறது. திசைகாட்டி வழியாக ஒரு கப்பலைப் பாருங்கள். அதிகாலை 4:10-க்கு அது 045 பாகையில், 5 மைல் தூரத்தில். 4:13-க்கு மறுபடியும் 045, இப்போது 3.5 மைல். 4:16-க்கும் 045, 2 மைல். திசை மாறவில்லை, தூரம் மட்டும் குறைகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒன்றரை மைல் என்றால் 4:20-க்கு மோதல். பார்ப்பதற்கு அந்த விளக்கு அசையாமல் அப்படியே நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. அசைந்து விலகும் விளக்கு உங்கள் பாதையிலிருந்து விலகுகிறது, அசையாத விளக்கு உங்களை நோக்கி வருகிறது.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் சறுக்குவது கணக்கில் அல்ல, கூச்சத்தில். தளபதி இரவு உத்தரவுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்: இத்தனை மைலுக்குள் எந்தக் கப்பல் வருவதாக இருந்தாலும் என்னைக் கூப்பிடு, பார்வைத் தூரம் குறைந்தால் கூப்பிடு, சந்தேகம் வந்தால் கூப்பிடு. இருந்தும், 'இப்போதுதான் படுத்தார், இன்னும் இரண்டு நிமிடம் பார்ப்போம்' என்று தயங்குவார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் தப்பிக்கும் வழி பாதியாகிவிடும். அடுத்த சறுக்கல்: தளபதி மேலே வந்து பக்கத்தில் நின்றவுடன், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது. அவர் வாயால் 'கப்பலை நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொல்லும் வரை பொறுப்பு வாட்ச் அதிகாரியிடம்தான்.

எம்டன் பினாங்குக்கு வந்த காலை

வாட்ச் சான்றிதழுக்குப் பிறகு நேவிகேஷன், பீரங்கி, நீர்மூழ்கி எதிர்ப்பு போன்ற சிறப்புப் படிப்புகள், போர் அறையில் ஆயுதங்களையும் உணர்கருவிகளையும் ஒருங்கிணைக்கும் போர்முறை அதிகாரி வேலை, பிறகு கப்பலின் இரண்டாம் ஆளான பெகாவாய் லக்சானா. ஒழுங்கு, பயிற்சி, துப்புரவு, தகராறு எல்லாம் இவர் மேசைக்கு வரும். இதையெல்லாம் தாண்டினால்தான் தளபதிப் பொறுப்பு. பொதுவாகச் சிறிய தாக்குதல் படகு லெப்டெனன் கொமாண்டருக்கு, 91 மீட்டர் நீள கெடா வகை ரோந்துக் கப்பல் கொமாண்டருக்கு, லெகியு போன்ற 106 மீட்டர் 'ஃபிரிகேட்' வகைப் பெரிய போர்க்கப்பல் கேப்டனுக்கு. 'கடாரம் கொண்டான்' என்று மார்தட்டும் நமக்கு, அந்தக் கடாரத்தின், அதாவது கெடாவின், பெயரிலேயே கேடி கெடா என்றொரு போர்க்கப்பல் 2006 முதல் கடலில் இருப்பது பெரும்பாலும் தெரிந்திருக்காது!

தளபதிப் பொறுப்பு என்றால் என்ன என்பதற்குப் பினாங்கிலேயே பாடம் இருக்கிறது. தமிழில் கெட்டிக்காரனை, யாருக்கும் பிடிபடாதவனை 'எம்டன்' என்கிறோமே, அந்தப் பெயரின் சொந்தக்காரக் கப்பல் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு, அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. தளபதி கார்ல் ஃபோன் முல்லரின் ஆட்கள் போலியாக நான்காவது ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மங்கலான வெளிச்சத்தில் பிரிட்டிஷ் கப்பல் போலவே தெரிந்தது.

உள்ளே நங்கூரமிட்டிருந்தது ரஷ்யக் கப்பல் ஜெம்சுக். அதன் தளபதி பாரன் செர்காசோவ் அன்றிரவு கப்பலில் இல்லை. கரையில், ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலில், மனைவியுடன் இருந்தார். குண்டுகள் பெரும்பாலும் பூட்டி வைக்கப்பட்டிருந்தன, காவலும் சரியாக இல்லை. எம்டன் சில நூறு மீட்டர் தூரத்தில் வந்து டார்பிடோவை விட்டது, பீரங்கியால் சுட்டது, திரும்பி இன்னொரு டார்பிடோ. சில நிமிடங்களில் ஜெம்சுக் மூழ்கியது. 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது. ஜார்ஜ்டவுனின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ரஷ்ய மாலுமிகளின் நினைவிடம் இன்றும் உள்ளது.

செர்காசோவ் கரையில் இருந்தார் என்பது நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமாக நிற்கவில்லை. அவரும், கப்பலில் பொறுப்பேற்றிருந்த இரண்டாம் அதிகாரியும் இராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டுப் பதவி இழந்தார்கள். கடற்படைகளின் எழுதாத அடிப்படை இது: தளபதி தூங்கினாலும், கரைக்குப் போனாலும், தவறு செய்தது 20 வயது மாலுமியாக இருந்தாலும், கப்பலுக்கு நேர்ந்தது அவர் கணக்கில்தான் எழுதப்படும். வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது.

அந்தக் கணக்கு தளபதியோடு நிற்பதும் இல்லை. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிய அமெரிக்கக் கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாட்டைத் தொடுதிரையில் ஒரு இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வந்த குழப்பம்தான் தொடக்கம். இரண்டு நாளில் பதவி இழந்தவர் அந்த வட்டாரக் கப்பற்படைக்கே தலைவரான வைஸ் அட்மிரல். அவர் அன்று அந்தக் கப்பலில் இல்லவே இல்லை. அதே கோடையில் அவருடைய கப்பற்படையில் இன்னொரு உயிர்ச்சேத மோதலும் நடந்திருந்தது. மாலுமிகளுக்குப் போதிய பயிற்சி இருந்ததா, போதிய தூக்கம் இருந்ததா என்பதெல்லாம் மேலே இருப்பவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள்.

ஆகவேதான் தேர்வுக் குழுக்கள் தளபதி நாட்களை அவ்வளவு கூர்ந்து பார்க்கின்றன. கப்பலைப் பொறுப்பேற்கும் அன்றே சோதனை தொடங்கிவிடும். இரகசிய ஆவணங்களை எண் வாரியாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது, வெடிபொருள் கணக்கை நேரில் எண்ணுவது, பழுதுப் பட்டியலைப் பழைய தளபதியுடன் சேர்ந்து நடந்து பார்ப்பது. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர், முந்தையவர் விட்டுப்போன ஓட்டையைத் தன் பெயரில் வாங்கிக்கொள்கிறார்.

கரைக்கு வரும் ஆண்டுகள்

லெப்டெனன் கொமாண்டர், கொமாண்டர் காலத்தில் ஒரு வருடம் பணியாளர் கல்லூரி. சுட்டுப் பழகியவருக்கு அங்கே எழுதப் பழக்குகிறார்கள்: நிலைமையை ஒரு பக்கத்தில் சுருக்குவது, மூன்று வழிகளை எடைபோட்டு ஒன்றைப் பரிந்துரைப்பது, தரைப்படைக்காரரோடும் விமானப்படைக்காரரோடும் ஒரே திட்டத்தில் வேலை செய்வது. இந்தப் படிப்புக்குத் தேர்வாகாதவர் பெரும்பாலும் கொமாண்டரோடு நின்றுவிடுவார். மேலே போனவர்களுக்குப் பிறகு புத்ராஜெயாவின் தேசியப் பாதுகாப்புக் கல்வி மையம் போன்ற இடங்களில் மேல்நிலைப் படிப்பு.

கடலும் கரையும் மாறி மாறி வரும். கடலிலேயே கிடந்தால் எழுத்தும் நிர்வாகமும் வராது. கரையிலேயே ஒட்டிக்கொண்டால் கோப்பில் கடல் நாட்கள் குறையும். பல நல்ல மூளைகள் நின்றுபோனது இரண்டாவது காரணத்தால்தான். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, வயதான அம்மா என்று கரையில் இருக்கக் காரணங்கள் எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். மேற்குக் கப்பற்படை பேராவின் லுமுட்டில், கிழக்குக் கப்பற்படை சபாவின் சிப்பாங்கார் வளைகுடாவில். ஸ்கோர்பீன் வகை நீர்மூழ்கிகள் இரண்டின் தளமும் சிப்பாங்கார்தான். 30 ஆண்டுப் பணியில் ஒரு குடும்பம் தென்சீனக் கடலைத் தாண்டி எத்தனை முறை சாமான் கட்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோலாலம்பூர். கடற்படைத் தலைமையகம் ஜாலான் பாடாங் தெம்பாக்கில், பாதுகாப்பு அமைச்சு வளாகத்தில் இருக்கிறது. கடல் அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஒரு லக்சமானாவின் மேசையில் இருப்பவை வரவுசெலவு, ஆள்பலம், கப்பல் பழுதுபார்ப்புக் கால அட்டவணை, கொள்முதல். கடைசிச் சொல் எவ்வளவு கனமானது என்று தெரிய வேண்டுமானால் எல்சிஎஸ் எனப்படும் கரையோரப் போர்க்கப்பல் விவகாரத்தைப் பாருங்கள். 2014-இல் 900 கோடி ரிங்கிட்டுக்கு 6 போர்க்கப்பல்கள் கட்ட ஒப்பந்தம். நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கைப்படி 608 கோடி ரிங்கிட் கொடுக்கப்பட்டிருந்தது, ஒரு கப்பலும் வந்து சேரவில்லை. கடற்படை விரும்பியது வேறு வடிவமைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்டது வேறு என்பதும் அதில் பதிவானது. கப்பலை ஓட்டத் தெரிந்தவருக்கு ஒப்பந்தத்தை வாசிக்கவும் தெரிய வேண்டும். மறுப்பை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் வைக்கவும் தெரிய வேண்டும்.

கடலிலும் கொள்முதல் தாமதத்தின் நிழல் விழும். 1979-இல் பணியில் சேர்ந்த கேடி பெண்டேக்கார், 2024 ஆகஸ்ட் 25 அன்று ஜொகூரின் தஞ்சோங் பென்யூசோப் அருகே நீரில் கிடந்த ஏதோவொன்றில் மோதி நீர் புகுந்து மூழ்கியது. 39 பேரும் பிழைத்தார்கள். மூழ்கியபோது அந்தக் கப்பலுக்கு 45 வயது; அதிலிருந்த இளம் மாலுமிகளின் அப்பாக்கள் வயது.

நட்சத்திரம் யார் கொடுப்பது?

கேப்டன் வரை தேர்வுக் குழுக்களும் ஆண்டு அறிக்கைகளும் போதும். நட்சத்திர நிலையில் காலியிடம் இருந்தால்தான் ஏற்றம். தகுதி மட்டும் போதாது. ஆயுதப் படைகளின் உச்சத் தளபதி பேரரசர் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு. 137-ஆவது பிரிவின்படி ஆயுதப் படைகள் மன்றம் என்று ஒன்று உண்டு: தலைவர் பாதுகாப்பு அமைச்சர், ஆட்சியாளர்கள் மாநாட்டின் சார்பில் ஒருவர், படைத் தலைவர்கள், அமைச்சின் தலைமைச் செயலாளர் ஆகியோர் அதில். உச்சப் பதவிகளின் நியமனம் இந்த மட்டத்துக் காரியம். மூன்று படைகளுக்கும் மேலான பங்லிமா அங்காத்தான் தெந்தெரா பதவிக்கு முதல்முறையாகக் கடற்படைக்காரர் ஒருவர் வந்தது 2005-இல், லக்சமானா முகமட் அன்வார் முகமட் நோர். அதுவரை அந்த நாற்காலி தரைப்படையின் வீட்டுச் சொத்து மாதிரி இருந்தது.

வயதுக் கணக்கைத் தோராயமாகச் சொன்னால், 18-இல் நுழைந்தவர் 20-களின் தொடக்கத்தில் நியமனம், 30-களில் லெப்டெனன் கொமாண்டர், 40-ஐ ஒட்டி கொமாண்டர், 40-களின் நடுவில் கேப்டன், 50-ஐ ஒட்டி முதல் நட்சத்திரம். இடையில் எந்தப் படியிலும் நின்று மரியாதையோடு ஓய்வு பெறுபவர்கள்தான் பெரும்பாலோர். கேப்டனாக ஓய்வு பெற்றவரைத் தோற்றவர் என்று நினைப்பது, படிவம் 5-இல் 8ஏ வாங்கியவரைப் பெயில் என்று சொல்வது போல.

முழுநேரம் வேண்டாம், கடல் மட்டும் வேண்டும் என்பவருக்குத் தன்னார்வப் படை இருக்கிறது. இன்றைய கடற்படையின் மூலமே ஒரு தன்னார்வப் படைதான். 1934 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தொடங்கி, 1938-இல் பினாங்குக்கும் வந்தது. ஏப்ரல் 27 இன்றும் கடற்படை நாள். பினாங்கில் இப்போதுள்ள தன்னார்வப் பிரிவின் பெயர் கேடி ஸ்ரீ பினாங். பெயரில் கேடி இருந்தாலும் அது கரையில் நிற்கும் கட்டடம்; கடற்படை தன் கரை முகாம்களையும் கப்பலாகவே எண்ணிக்கொள்ளும்.

விண்ணப்பம் போடப் போகிறவர்கள் மூன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: பகாசா மலாயுவில் கிரெடிட் உள்ள எஸ்பிஎம் சான்றிதழ், நிறப்பார்வைச் சோதனை முடிவு, எந்தப் பிரிவு என்று வீட்டில் பேசி எடுத்த முடிவு. வயது, உயரம், பாடத் தகுதிகள் ஒவ்வொரு சேர்ப்பிலும் மாறக்கூடும். அந்தந்த விளம்பரத்தைத்தான் நம்ப வேண்டும், பழைய வாட்ஸ்அப் படத்தை அல்ல. நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே தொடங்குங்கள். சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லி யாராவது ஒரு ரிங்கிட் கேட்டாலும் அவர் கடற்படைக்காரர் இல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.